நாற்பத்தொன்பதாம் தொகுதி

1

பம்பாய் வாழ்க்கையைப் பற்றி எழுதும்படி இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் இரண்டு கார்டு போட்டுவிட்டார். கடற்கரையையும் மாடி பஸ்ஸையும் எதிர்பார்க்கிறாரோ என்னவோ. எனக்குத் தெரிந்த பம்பாய் மிகவும் சிறியது. மாதுங்காவில் இரண்டு அறை வீடு, காலை ரயிலில் பெண்கள் பெட்டி, ஒரு நர்சிங் காலேஜின் நூலகம், சாயங்காலம் மார்க்கெட்டில் வாழைக்காயும் கறிவேப்பிலையும். இவ்வளவுதான். இதற்குள் நடந்த ஒன்றைத்தான் என்னால் எழுத முடியும்.

போன மாதம் என் பெண் ரேவதியின் வயதைத் திருத்த ரேஷன் ஆபீசுக்குப் போயிருந்தேன். குமாஸ்தா கார்டைப் பார்த்தார், அதில் என் பெயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பம்பாய்க்கு வந்து எத்தனை வருஷம் என்று ஹிந்தியில் கேட்டார். பன்னிரண்டு என்றேன். அத்தாட்சி கேட்டார். வாடகை ரசீதுகள், ரேவதி பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, என் வேலை உத்தரவு எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார். எல்லாம் உண்மையான காகிதங்கள். ஆனாலும் அவர் தூக்கிப் பிடித்த ஒவ்வொரு தடவையும் நானும் எட்டி அந்த முத்திரையைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, தகரப் பெட்டியோடு நான் தாதர் ஸ்டேஷனில் இறங்கி அந்த வாரத்தோடு சரியாகப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நம்மவர்களை இங்கே எப்படியெல்லாம் சந்தேகிக்கிறார்கள் என்று உங்களுக்குக் கடிதங்களில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கும். ஆபீஸ்களில் தென்னிந்தியப் பெயர்கள் எத்தனை என்று எண்ணுகிறார்கள். சுவர்களில் எழுதுகிறார்கள். ரயிலில் தமிழில் பேசினால் திரும்பிப் பார்க்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ரேஷன் ஆபீஸ் குமாஸ்தாவைப் பற்றிக் கோபமாக ஒரு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தபோது பேனா ஓடவில்லை. போன வருஷம் நானே ஒருத்தியைச் சந்தேகித்தேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

2

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலேஜில் கடைசி வருஷத்து மாணவிகள் ஒவ்வொருவரும் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவேண்டும். ஏதாவது ஒரு நோய், அதற்கான பராமரிப்பு. அதைப் பற்றி இதற்குமுன் யார் என்ன எழுதியிருக்கிறார்கள், எந்தப் பத்திரிகை, எத்தனையாவது தொகுதி, எந்தப் பக்கம் என்று கடைசியில் பட்டியல் போடவேண்டும். அந்த மூலங்களைத் தேடிக் கொடுப்பது நான். டெலிபோன் டைரக்டரி மாதிரி தடித்தடியாக அட்டவணைப் புத்தகங்கள் வரும். உலகத்தில் வெளியான மருத்துவக் கட்டுரைகளின் தலைப்புகள் நோய்வாரியாகப் பொடி எழுத்தில் இருக்கும். வார்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் பெண்களுக்கு அதைப் பார்த்தாலே கண் சொருகும். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு சீட்டில் தலைப்பை எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதனால் எல்லோரும் மூலம் சுலபமாகக் கிடைக்கும் தலைப்பாகவே எடுப்பார்கள். படுக்கைப்புண் என்றால் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே வருஷத்தில் நான்கு பேர் படுக்கைப்புண் எழுதினார்கள்.

பேச்சியம்மாள் என்ற கடைசி வருஷத்து மாணவி முதல் தடவை என் மேஜைக்கு வந்தபோது அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கறுப்பாக, ஒல்லியாக, ஸ்டார்ச் போட்ட தொப்பி நெற்றியில் அழுந்திய தடத்தோடு நின்றாள். காலேஜில் அவள் பெயரை யாருக்கும் சொல்ல வரவில்லை. கட்டுரைகளை மேற்பார்க்கும் மூத்த ஆசிரியை மிஸ் பெரைரா அவளை பெட்ஸி என்று கூப்பிடுவார்; மற்றவர்களும் அப்படியே.

"அக்கா, நீங்க தமிழா?" என்று கேட்டாள்.

நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். என்ன வேண்டும் என்று கேட்டேன். பக்கத்து அறையில் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் உட்கார்ந்திருந்தார், கதவு திறந்திருந்தது. மராட்டிக்காரர், அதிகம் பேசாதவர். மதராஸிகள் இரண்டு பேர் சேர்ந்தால் தங்கள் பாஷையில் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று ஒரு தடவை யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்கவேண்டாம். அவள் திருநெல்வேலிப் பேச்சிலேயே தாராவி என்று தெரிந்தது. மாதுங்காவில் இருக்கும் எங்களைப் போன்ற ஆபீஸ் குடும்பங்களுக்கு ரயில் பாலத்தைத் தாண்டினால் வரும் தாராவி, திருச்சியைவிடத் தூரம்.

அவள் இங்கிலீஷுக்கு மாறவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்கப்பா தோல்ஷாப்புல வேல பாக்காவ. தோல ஊறப்போடுத மருந்துத் தண்ணி பட்டுக் கையில குழிகுழியா புண்ணு விழுது. வலிக்காது. வலிக்காததுனால ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டாவ. எங்க பக்கத்துல பாதிப் பேருக்கு இருக்கு. இதப் பத்தி யாராச்சும் எழுதிருக்காவளா, பாத்துச் சொல்லுதியளா?"

மிஸ் பெரைரா அவளுக்கு ஒரு வாரம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் அச்சில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பையாவது எழுதிக் கொடுக்கவேண்டும்; இல்லாவிட்டால் படுக்கைப்புண்.

3

தேடினேன். தர்மசிந்தனையால் அல்ல. என் மேஜையில் கிடைக்காத மூலம் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. மற்றபடி அவள்மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். இத்தனை தலைப்புகள் இருக்க இதை ஏன் எடுத்தாள்? எந்த மூலமும் கிடைக்காது, இஷ்டப்படி எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பாளோ?

அந்த வாரம் அவள் தினமும் சாயங்காலம் வந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதே வாரத்தில் அலமாரியிலிருந்து இரண்டு பத்திரிகைகள் காணாமல் போயின. வியாழக்கிழமை அவள் கிளம்பும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னேன்.

எங்கள் மாயவரத்தில் ஒரு வாசகசாலை இருந்தது. பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். வெளியே வரும்போது காவல்காரன் எங்கள் பைகளைத் திறந்து காட்டச் சொல்வான். ஆண்களின் பையை அவன் தொட்டு நான் பார்த்ததில்லை. பதினைந்து வயதில் அந்த வாசலில் எனக்கு வந்த அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஊரை நினைத்தால் உங்களில் பலருக்குக் காவேரி நினைவுக்கு வரும். எனக்கு அந்தக் காவல்காரனும் வருவான். அப்படியிருந்தும் பேச்சியம்மாளின் பையைத் திறக்கச் சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பையில் ஒரு தொப்பி, சீப்பு, காகிதத்தில் சுற்றிய இரண்டு பன். அவள் பையை மூடிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் வந்த கோட்டயத்துப் பெண்ணின் பை இன்னும் பெரியது. அதைத் திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. காணாமல் போனதாக நினைத்த பத்திரிகைகள் பைண்டரிடம் போயிருந்தன. மறுநாள் அனுப்புப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

கட்டுரை கிடைத்தது. நர்சிங் தலைப்பில் இல்லை, தோல் நோய்களில் இல்லை. தொழில் நோய்கள் என்ற பகுதியில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி; தொகுதி எண் இருக்கவேண்டிய இடத்தில் அச்சு மை அப்பியிருந்தது. வெளிநாட்டுப் பத்திரிகை. எங்களிடம் கிடையாது. ஃபோர்ட் என்று சொல்லும் கோட்டைப் பக்கத்தில் ஒரு பெரிய மருத்துவ நூலகத்தில் இருந்தது. அங்கே வெளியாருக்கு இரவல் தரமாட்டார்கள். போட்டோஸ்டாட் காப்பி எடுத்து அனுப்புவார்கள்; அதற்கு மூன்று பிரதி விண்ணப்பம், எங்கள் நூலக முத்திரை, காரணம் எழுதிய கடிதம். காரணம் போதாது என்று ஒரு தடவை திரும்பி வந்தது. கடைசியில் கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாக ஆறு பக்கம் வந்து சேர்ந்தது. தலைப்பும் பக்க எண்ணும் இருந்தன. மேல் ஓரம் வெட்டுப்பட்டு, தொகுதி எண் போய்விட்டது.

அந்த நூலகத்துக்கு டெலிபோன் செய்தேன். டெலிபோன் இருந்தது சூப்பரிண்டெண்டின் மேஜையில். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மறுமுனையில் தேஷ்பாண்டே என்ற உதவியாளர். நான் வழக்கமாக அவரிடம் இங்கிலீஷில்தான் பேசுவேன். அன்று சூப்பரிண்டெண்ட் கேட்கட்டும் என்பதற்காகவே ஹிந்தியில் பேசினேன். தேஷ்பாண்டேயும் ஹிந்தியிலேயே பதில் சொன்னார். தொகுதி எண் உன்ச்சாஸ் என்றார். உன்ச்சாஸ், டீக் ஹை என்று நானும் பெருமையாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, ஒரு சீட்டில் 59 என்று எழுதி, போட்டோஸ்டாட்டோடு குண்டூசியால் குத்தி, பேச்சியம்மாளிடம் கொடுத்தேன்.

4

இரண்டு மாதம் கழித்து மிஸ் பெரைரா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் பேச்சியம்மாளின் கட்டுரை இருந்தது. பரீட்சகராக வந்த டாக்டர் அதே பத்திரிகையின் ஐம்பத்தொன்பதாம் தொகுதியை எடுத்துப் பார்த்திருக்கிறார். அவள் கொடுத்த பக்கத்தில் சுரங்கத் தூசியைப் பற்றி ஏதோ இருக்கிறது. தோலும் இல்லை, புண்ணும் இல்லை. மூலத்தை அவள் இட்டுக்கட்டியிருக்கிறாள் என்று எழுதி அனுப்பிவிட்டார். கட்டுரையின் இங்கிலீஷும் அவளுடையதாகத் தெரியவில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

அந்த எண்ணை நீங்கள்தான் கொடுத்ததாக அவள் சொல்கிறாள் என்றார் மிஸ் பெரைரா. நான் கொடுத்திருந்தால் சரியான எண்ணைத்தான் கொடுத்திருப்பேன் என்றேன். அதை முழுமனதோடு நம்பித்தான் சொன்னேன். பிறகு அவர் கேட்டார், நீங்கள் இருவரும் ஒரே பாஷைக்காரர்கள் ஆயிற்றே, உங்களுக்குள் உறவு ஏதாவது உண்டா? இல்லை, எனக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றேன்.

அன்று மத்தியானம் பேச்சியம்மாள் நூலகத்துக்கு வந்தாள். அறையில் வேறு யாரும் இல்லாததால் தமிழிலேயே கேட்டேன்.

"அந்தப் போட்டோஸ்டாட்டைக் கொண்டு வந்து காமிச்சா முடிஞ்சு போச்சே. எங்கே அது?"

"இப்ப எங்கிட்ட இல்லக்கா."

"வேற யார்கிட்ட இருக்கு?"

அதைச் சொல்ல முடியாது என்றாள். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அந்தக் கட்டுரையில் இல்லாததையெல்லாம் எழுதியிருக்கிறாள். காப்பியைக் காட்டினால் குட்டு வெளிப்படும். அதனால் அதை ஒழித்துவிட்டு எண்ணையும் மாற்றி எழுதிவிட்டாள்.

அந்த மூலம் நூலகத்தில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு மிஸ் பெரைராவிடமிருந்து சீட்டு வந்தது. இந்த மூலம் நம் நூலகத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. போட்டோஸ்டாட் என் கையால் வந்ததை மட்டும் எழுதவில்லை. எழுதினால், உனக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி மறுபடியும் வரும். சனிக்கிழமை விசாரணை, அதுவரை அவள் ஹாஸ்டலில் இருக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி அவள் போனதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

5

ரேவதிக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டி எழுதும் கடிதத்தை அவளிடம் கொடுத்தால், நீயே படிம்மா, எழுத்தெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு இருக்கு என்பாள். கனவில் பேசுவதுகூட ஹிந்தியில்தான். வியாழக்கிழமை சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஹிந்தியில்தான். ஏழேழ் நாற்பத்தொன்பது என்று சொன்னால் நாக்கு வெந்துவிடுமா என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டிருந்தபோதே அவள் சொன்னாள்:

"ஸாத் ஸத்தே உன்ச்சாஸ்."

கீரையை வைத்துவிட்டேன். மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள். உன்ச்சாஸ் என்றால் ஐம்பத்தொன்பது இல்லையா என்று கேட்டேன்.

"அய்யோ அம்மா, அது உன்ஸட். உன்ச்சாஸ்னா ஃபார்ட்டி நைன். ஸெவன் ஸெவன்ஸா எவ்ளோ, நீயே சொல்லு."

பச்சாஸ் என்றால் ஐம்பது என்று வந்த முதல் வாரத்திலேயே காய்கறிக்காரனிடம் கற்றுக்கொண்டேன். உன்ச்சாஸ் என்றால் ஐம்பதும் ஒன்பதும் என்று நானாகவே வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன். நம் கணக்கில் நாற்பத்தொன்பது நாற்பதோடு சேர்ந்தது. இவர்கள் கணக்கில் அது ஐம்பதுக்கு ஒன்று குறைந்தது.

மறுநாள் காலை ஸ்டேஷன் பக்கத்து மருந்துக் கடையிலிருந்து தேஷ்பாண்டேக்கு டெலிபோன் செய்தேன். இங்கிலீஷில், ஒவ்வொரு இலக்கமாகக் கேட்டேன். ஃபோர், நைன் என்றார்.

6

ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, பாலத்தைத் தாண்டித் தாராவிக்குப் போனேன். என் கட்டடத்திலிருந்து இருபது நிமிஷ நடை. பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பேச்சியம்மாள் என்றதும் மூன்று பேர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். எந்த ஆபீஸ் என்று ஒருவர் கேட்டார். ஆஸ்பத்திரியா போலீஸா என்று இன்னொருவர். வழி சொல்ல யாருக்கும் மனமில்லை. கடைசியில் அவளே குடத்தோடு எதிரில் வந்தாள்.

வீட்டுக்குள் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று இரண்டு கைகளையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். புண்ணைக் கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்போல. வாங்கம்மா என்றாரே தவிர, நான் அங்கே இருந்தவரை கைகளை வெளியே எடுக்கவில்லை.

எண்ணைத் தப்பாக எழுதியது நான்தான் என்று பேச்சியம்மாளிடம் சொன்னேன். ஹிந்தி எண் என்னை ஏமாற்றிய கதையைச் சொல்லி முடிக்கும்வரை அவள் குடத்தை இறக்கி வைக்காமலே கேட்டாள்.

"நான் ஒங்க சீட்ட நம்பித்தானக்கா எழுதுனேன்" என்றாள்.

போட்டோஸ்டாட் யாரிடம் இருக்கிறது என்று மறுபடி கேட்டேன். இந்தத் தடவை சொன்னாள். அவள் அப்பா வேலை செய்யும் தோல்ஷாப்பின் முதலாளி காதர் சாயபுவிடம் இருக்கிறது. தொழிலாளிகளின் கைகளைப் பார்க்க உள்ளே விடவேண்டுமானால் இரண்டு நிபந்தனை என்றாராம். ஷாப்பின் பெயர் வெளியே வரக்கூடாது. அவள் வைத்திருக்கும் காகிதம் எதுவானாலும் அவரிடம் கொடுத்துவிடவேண்டும். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். காலேஜில் சொன்னால் யாராவது அவரைத் தேடி வருவார்கள், அப்பாவுக்கு வேலை போய்விடும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு பேரும் முதலாளியைப் பார்க்கப் போனோம். வயதானவர், அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். தோல் அடுக்கிய அறையில் சின்ன மேஜை. நான் நூலகத்தில் வேலை செய்கிறேன் என்றதை அவர் நம்பவில்லை.

"நூலகத்துக்குத் தோல்ஷாப்புல என்னம்மா சோலி? இன்னைக்குக் காயிதம்பிய, நாளைக்கு இன்ஸ்பெக்டரு வருவான், மறுநா ஷாப்ப மூடும்பான். முப்பது குடும்பம் எங்க போவும்?"

இந்தப் பெண்ணின் படிப்பு போய்விடும் என்று சொன்னேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தக் கறுப்புத் தாள்களை எடுத்தார். குண்டூசியில் என் சீட்டு அப்படியே இருந்தது. என் கையெழுத்தில், ஊதா மையில், 59. பிறகு தாள்களைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார்.

"பேச்சி நம்ம புள்ளதான். ஆனா இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அவர் பூட்டியபோது என் மனதில் ஒரு மூலையில் ஏற்பட்ட நிம்மதியையும் எழுதித்தான் ஆகவேண்டும். நான் காப்பியைத் தேடிப் போனதே எதற்காக? சீட்டைக் கழற்றி எடுத்துவிட்டுக் காப்பியை மட்டும் காட்டினால், கட்டுரை இருப்பது நிரூபணமாகும். எண்ணை எழுதும்போது எங்கோ தவறிவிட்டது என்று முடிந்துவிடும். யார் தவறியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது நடக்காது என்று ஆனதும், முயற்சி செய்தாயிற்று, இனி என்ன செய்வது என்று மனசு சமாதானம் தேட ஆரம்பித்தது.

வெளியே வந்து சாக்கடைப் பலகையைத் தாண்டும்போது பேச்சியம்மாள் கேட்டாள்:

"காயிதம் எதுக்குக்கா? நீங்க வந்து சொன்னாப் போதாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே அது புரியவில்லை.

7

சனிக்கிழமை முதல்வர் அறையில் முதல்வர், மிஸ் பெரைரா, குறிப்பெடுக்க சூப்பரிண்டெண்ட். பேச்சியம்மாள் சுவர் ஓரமாக நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போய்க் கதவைத் தட்டினேன்.

ரேவதியின் வாய்ப்பாடுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் போட்டோஸ்டாட்டை வரவழைத்துக் கொடுத்தது நான், எண்ணைத் தப்பாக எழுதியது நான், அது தெரியாமலே இந்தப் பெண்ணைச் சந்தேகித்து, நம் நூலகத்தில் இல்லை என்று பாதி உண்மையை எழுதிக் கொடுத்ததும் நான் என்றேன். போட்டோஸ்டாட் எங்கே என்று முதல்வர் கேட்டார். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, தேஷ்பாண்டேயிடமிருந்து நாற்பத்தொன்பதாம் தொகுதியை வரவழைத்துப் பார்க்கலாம் என்றேன். பதினோரு வருஷமாகப் பம்பாயில் இருக்கிறேன், எனக்கு ஹிந்தியில் எண்கள் சரியாகத் தெரியாது என்று அந்த அறையில், அந்த நாட்களில், சூப்பரிண்டெண்டின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அன்று நீங்கள் டெலிபோன் பேசியபோது நான் கைக்கெட்டும் தூரத்தில்தானே உட்கார்ந்திருந்தேன், உன்ச்சாஸ் என்றால் என்னவென்று என்னைக் கேட்டிருக்கலாமே என்றார். குரலில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். எனக்குத் தென்படவில்லை.

தொகுதி திங்கட்கிழமை வந்தது. மிஸ் பெரைரா அந்த ஆறு பக்கங்களை நின்றபடியே படித்தார். பிறகு பேச்சியம்மாளின் கட்டுரையில் மூன்று வாக்கியங்களை அடிக்கோடிட்டு, இவை மூலத்தில் இல்லையே என்று கேட்டார். அது நான் எங்கள் பக்கத்தில் கண்ணால் பார்த்தது என்றாள் அவள், இங்கிலீஷில், தட்டுத்தடுமாறி. மற்றவர் எழுதியது எது, நீ பார்த்தது எது என்று பிரித்து எழுதிக் கொண்டுவா என்று ஒரு வாரம் கொடுத்தார். அந்த ஒரு வாரத்தையும் அவள் நூலகத்தில்தான் கழித்தாள். பிரித்து எழுதினாள். பாஸானாள்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதன்பின் என்னை மூலம் தேடும் மேஜையிலிருந்து பின்னறைக்கு மாற்றினார்கள். பைண்டிங்குக்கு அனுப்புவது, லேபிள் ஒட்டுவது. என் இடத்தில் நூலகப் படிப்புப் படித்த ஒரு மராட்டிப் பெண் உட்கார்ந்தாள். மதராஸி என்பதற்காக உன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று மாதுங்காவில் எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். காப்பி கொடுத்து ஆறுதல் சொன்னார்கள். அது உண்மையல்ல என்று சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சொன்னபோதும் பலர் நம்பவில்லை.

பேச்சியம்மாள் இப்போது எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வார்டில் இருக்கிறாள். மழைக்காலத்தில் ஒருநாள் பின்னறைக்கு வந்தாள். தொழிலாளிகளுக்கு மூக்கிலும் புண் வருகிறது, அதைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள். முதலாளி கையுறை வாங்கிக் கொடுத்தாரா என்று விசாரித்தேன். இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்து போட உள்ளே விடுகிறார் என்றாள். வெளி மேஜையில் இருக்கும் பெண்ணை விட்டுவிட்டு ஏன் என்னிடம் வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

அட்டவணையில் தேடியதில் ஒன்று கிடைத்தது. அதிர்ஷ்டவசமாக அந்தப் பத்திரிகை எங்களிடமே இருந்தது. தொகுதி எண்ணையும் பக்கத்தையும் தமிழில் சொன்னேன். எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிப் படித்தாள். சரி என்றேன். அவள் நன்றி சொல்லிவிட்டு நேரே அலமாரிக்குப் போனாள். தொகுதியை உருவி எடுத்து, முதுகில் இருந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தைப் புரட்டித் தலைப்பைப் படித்தாள். கையிலிருந்த சீட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.